பட்டி எரு

மே 3, 2025, சனி

மஞ்சள் நடவுக்கு எரு ஏற்ற அப்பாவோடு ஈரோடு மாவட்டத்துப் பர்கூர் மலைக்குப் போனேன். வறட்டுப்பள்ளம் தாண்டினால் வளைவுக்கு வளைவு யானை நிற்கிறதா என்று பார்த்துத்தான் ஓட்ட வேண்டும். தாமரைக்கரையில் டீ. அப்புறம் நேராக மாடு அடைக்கும் பட்டிக்கு.

காட்டு மரக்கம்பு நட்டு, முள் அடைத்த வேலி. வாசலுக்கு ஒரு படல். ஓரத்தில் காவலுக்குப் படுக்கும் குடிசை, அதன் முன்னால் ராத்திரி மூட்டிய தீயின் சாம்பல். சிறுத்தைக்குப் பயந்து கன்றுகளை மட்டும் தனியாக ஒரு கொட்டிலில் அடைக்கிறார்கள்.

"உள்ளே வராதீங்க கண்ணு, புது ஆளைக் கண்டா மிரளும்" என்றார் பட்டிக்காரத் தாத்தா. வெளியிலேயே நின்றேன். எல்லாம் பர்கூர் இன மாடுகள்: செவலையில் வெள்ளைத் திட்டு, பின்னால் வளைந்து மேலே கூர்ந்த கொம்பு. எல்லாம் என்னையே பார்த்தன. அவர் கன்னடத்தில் "பா, பா" என்று கூப்பிட்டபடி கொட்டிலைத் திறந்தார். அத்தனை மாட்டுக்கு நடுவிலும் ஒவ்வொரு கன்றும் தடுமாறாமல் தன் தாயிடம் போய் முட்டியது. பால் குறைவுதான். கன்று குடித்தது போக, வீட்டுக்குக் கொஞ்சம். காசு பார்ப்பது எருவில்தான்.

மே 4, ஞாயிறு

தாத்தா சொன்னது மனசை விட்டுப் போகவில்லை. 2022 மார்ச்சில் காட்டுக்குள் மாடு மேய்க்க உயர் நீதிமன்றம் தடை விதித்தது. சில நாளில் அந்தத் தடை சரணாலயம், தேசியப் பூங்கா, புலிகள் காப்பகம் என்ற அளவுக்குச் சுருங்கியது. 2024 ஜனவரியில் இந்த மலைக்காடே தந்தை பெரியார் சரணாலயத்துக்குள் வந்துவிட்டது. "மேய விடலைன்னா மாட்டை வெச்சுக்கிட்டு என்ன பண்றது கண்ணு?" என்றார். காட்டைக் காக்க வேண்டும், சரி. ஆனால் இந்த மாடு கட்டுத்தறியில் தீவனம் தின்று வளர்கிற மாடு இல்லையே. இனத்தைக் காக்க அங்கே ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, நல்லது. பட்டியையும் மேய்ச்சலையும் மக்களோடு உட்கார்ந்து பேசித்தான் காக்க முடியும்.

மே 11, ஞாயிறு

எரு இறைத்தோம். மேலே பொருபொருவென்று இருந்தாலும் கட்டியை உடைத்தால் உள்ளே ஈரம், காட்டுக்கொட்டைகள், ஒட்டிக்கொண்டிருந்த செவலை மயிர். அடுத்த வருஷத்துக்கும் இரண்டு லோடு இப்போதே சொல்லி வைக்கலாம் என்றேன். அப்பா உடனே தாத்தாவுக்குப் போன் போட்டார்.