அறைக்குள் பத்து நாள்

"இன்னிக்கு எத்தனாவது நாள்மா?"

2021 மே மாதம், சென்னையில் கொரோனா வந்து வீட்டிலேயே தனிமையில் இருந்தவர்களைத் தினமும் போனில் அழைத்து, காய்ச்சல் எவ்வளவு, சாச்சுரேஷன் (ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு) எவ்வளவு என்று கேட்டுக் குறித்துக்கொள்வது எங்கள் வேலை. முதலில் கேட்பது மேலே உள்ள கேள்வியைத்தான். பலரும் தப்பாகவே பதில் சொல்வார்கள். ரிசல்ட் வந்த நாளை முதல் நாளாக வைத்துக்கொள்வார்கள். அது கணக்கே அல்ல. தொண்டை கரகரத்த நாள், காரணமில்லாமல் உடம்பு வலித்த நாள், அதுதான் முதல் நாள். திங்கட்கிழமை உடம்பு வலி, புதன்கிழமை ஸ்வாப் (மூக்கிலும் தொண்டையிலும் சளி எடுக்கும் பரிசோதனை), வெள்ளிக்கிழமை ரிசல்ட் என்றால், வெள்ளிக்கிழமை ஐந்தாம் நாள்.

இந்த நாலு நாள் வித்தியாசத்தில் உயிரே அடங்கியிருந்தது. முதல் வாரம் வைரஸ் பெருகும் காலம்: காய்ச்சல், இருமல், உடம்பு வலி. ஐந்தாம் நாளிலிருந்து பத்தாம் நாளுக்குள் சிலருக்கு உடம்பின் எதிர்ப்புச் சக்தியே நுரையீரலைப் புண்ணாக்கத் தொடங்கும். காய்ச்சல் விட்டுவிட்டது என்று வீடே நிம்மதியாகும் நேரத்தில் ஆக்சிஜன் சத்தமில்லாமல் இறங்கும். "ரெண்டு நாள்தானே ஆகுது, பாக்கலாம்" என்று எட்டாம் நாளில் உட்கார்ந்திருப்பவருக்குத் தான் எங்கே நிற்கிறோம் என்பதே தெரியாது. அதனால் அறைக்குள் போகும்போது முதலில் வேண்டியது ஒரு நாற்பது பக்க நோட்டு. மேலே முதல் அறிகுறி வந்த தேதி. அதன் கீழே ஒரு நாளைக்கு ஒரு பக்கம்: வெப்பம், நாடித்துடிப்பு, சாச்சுரேஷன், மூச்சு எண்ணிக்கை, சாப்பிட்ட மாத்திரை, நேரத்தோடு.

ரிசல்ட் வர ஒரு நாளும் ஆகும், மூன்று நாளும் ஆகும். அதுவரை காத்திருக்காமல், ஸ்வாப் கொடுத்துவிட்டு வரும்போதே நேராகத் தனி அறைக்குள் போய்விட வேண்டும். நெகட்டிவ் என்று வந்தாலும் அறிகுறி இருந்தால் தனிமையைத் தொடர்வதே சரி, ஏனென்றால் சளியை எடுத்த விதத்தாலும் எடுத்த நாளாலும் ரிசல்ட் தவறலாம். இன்னொரு குழப்பமும் நிறைய நடந்தது. சளியில் வைரஸைத் தேடும் ஆர்டி-பிசிஆர் பரிசோதனைத் தாளில், வைரஸ் எத்தனையாவது சுற்றில் தென்பட்டது என்று காட்டும் ஒரு 'சி.டி. மதிப்பு' இருக்கும். நுரையீரலை எடுத்த சி.டி. ஸ்கேனில், பாதிப்பு 25-க்கு இத்தனை என்று ஒரு மதிப்பெண் இருக்கும். பெயர் ஒன்று போலக் கேட்பதால் முதலாவதை இரண்டாவதாக நினைத்து, 'நுரையீரல் முக்கால்வாசி போச்சு' என்று இரவெல்லாம் அழுதவர்கள் உண்டு. இரண்டுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. முதல் மூன்று நாளில் அவசரப்பட்டு எடுக்கும் ஸ்கேன் சுத்தமாகவே வரலாம், அந்தத் தாளை நம்பி எட்டாம் நாளில் அசட்டையாக இருப்பது இன்னும் ஆபத்து.

இனி ஆக்சிமீட்டர், விரலில் மாட்டிச் சாச்சுரேஷன் பார்க்கும் கருவி. அந்த மே மாதத்தில் மருந்துக்கடையில் கிடைக்காமல் தெருவே தேடிய பொருள் இது. ஆனால் கையில் இருந்தும் சரியாகப் பார்க்கத் தெரியாமல் பயந்தவர்களும் பயப்படாமல் விட்டவர்களும் அதிகம். ஐந்து நிமிடம் அசையாமல் உட்கார்ந்த பிறகு பார்க்க வேண்டும். கை சில்லிட்டிருந்தால் தேய்த்துச் சூடாக்கிக்கொள்ள வேண்டும். நகப்பூச்சு, மருதாணி இல்லாத விரல், ஆள்காட்டி விரலோ நடுவிரலோ. மாட்டியதும் தெரியும் எண்ணைக் குறிக்கக் கூடாது. எண் ஆடி அடங்கி, அரை நிமிடமாவது அசையாமல் நிற்கும் எண்ணைத்தான் எழுத வேண்டும்.

திரையில் இரண்டு எண்கள் இருக்கும். எஸ்பிஓ2 என்பது ஆக்சிஜன், பிஆர் என்பது நாடித்துடிப்பு. காய்ச்சலில் நாடி 96 அடிக்கும், ஆக்சிஜன் 90-இல் இருக்கும். "96 இருக்கு சார், நல்லா இருக்கேன்" என்பார்கள். இதைவிட மோசம், கருவியைத் தலைகீழாகப் பார்ப்பது. 86 என்ற எண்ணைத் தலைகீழாகப் பார்த்தால் 98 என்று தெரியும். போனில் எண் கேட்கும்போதெல்லாம் "ரெண்டு எண்ணும் சொல்லுங்க, எது எங்க எழுதியிருக்குன்னு சொல்லுங்க" என்று நாங்கள் கேட்டது இதனால்தான். முடிந்தால் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்வது இன்னும் நல்லது. கருத்த தோலில் இந்தக் கருவி உண்மையைவிடச் சற்றுக் கூட்டிக் காட்டலாம் என்று 2020 இறுதியில் வெளிவந்த ஆய்வு சொன்னது. நம்மூர் ஆட்களுக்கு அது முக்கியமான செய்தி. எல்லையில் நிற்கும் எண்ணை நல்ல எண்ணாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

அன்றைய அரசு வழிகாட்டுதலில் கோடு தெளிவாக இருந்தது. 94-உம் அதற்கு மேலும் என்றால் வீடு. 93 முதல் 90 வரை என்றால் மருத்துவமனை. 90-க்குக் கீழ் என்றால் தீவிரம். ஒருமுறை 93 காட்டினால் விரலை மாற்றி, கை சூடாக்கி, ஐந்து நிமிடம் கழித்து மறுபடி பார்க்கலாம். மறுபடியும் 93 என்றால் 'காலையில பாக்கலாம்' என்ற பேச்சே இருக்கக் கூடாது.

உட்கார்ந்து பார்க்கும் எண் மட்டும் போதாது. ஆறு நிமிட நடை ஒன்று உண்டு. எண்ணைக் குறித்துக்கொண்டு, கருவி விரலிலேயே இருக்க, அறைக்குள் சம தரையில் ஆறு நிமிடம் சாதாரண வேகத்தில் நடக்க வேண்டும். அறுபது வயதைத் தாண்டியவர்களுக்கு மூன்று நிமிடம் போதும். முடிவில் எண் 93-க்குக் கீழே போனாலோ, தொடங்கிய எண்ணிலிருந்து மூன்று புள்ளிக்கு மேல் இறங்கினாலோ டாக்டரைக் கூப்பிட வேண்டும். உட்கார்ந்தபோதே 94-க்குக் கீழ் உள்ளவர்கள், ஆஸ்துமா உள்ளவர்கள் இதைச் செய்யக் கூடாது. வாட்ஸ்அப்பில் சுற்றிய 'பத்து விநாடி மூச்சை அடக்கிப் பார்' சோதனை எதையும் சொல்லாது. அதைச் செய்து தேர்ச்சி பெற்றதாக நினைத்தவர்களை நடக்க வைத்தால் எண் இறங்கியது.

பயமும் மூச்சுத் திணறலும் ஒன்று போலவே வரும். இதைப் பிரித்துப் பார்ப்பதுதான் அந்தப் பத்து நாளின் மிகக் கடினமான வேலை என்று நினைக்கிறோம். பயத்தால் வரும் மூச்சு பெரும்பாலும் திடீரென்று வரும், அதிலும் நள்ளிரவு தாண்டி. நெஞ்சு இறுகும், விரல் நுனியும் உதட்டைச் சுற்றியும் மரமரக்கும், ஆக்சிமீட்டர் 97, 98 என்று காட்டும். யாரிடமாவது பத்து நிமிடம் பேசினால் தணியும். நுரையீரலால் வருவது மெதுவாகக் கூடும். பாத்ரூம் வரை நடந்தால் வாங்கும், ஒரு வாக்கியத்தை முடிக்க முடியாமல் நடுவில் நிற்கும், எண் இறங்கும். நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று எண்ணுவது இங்கே கைகொடுக்கும். வயிறு ஒருமுறை ஏறி இறங்கினால் ஒன்று, முழு அறுபது விநாடியும் எண்ண வேண்டும். 24-ஐத் தொட்டால் கவனிக்க வேண்டிய நிலை. தானே எண்ணினால் மூச்சு தானாக மாறிவிடும். வீடியோ காலில் வேறு ஒருவர், சொல்லாமல் எண்ணுவதே சரியாக வரும்.

எண் நன்றாக இருந்தும் பயம் விடவில்லை என்றால் அதையும் நோயாகவே மதிக்க வேண்டும், "சும்மா பயப்படாதே" என்று அதட்டக் கூடாது. மூக்கால் நாலு எண்ணும் வரை இழுத்து, வாயைக் குவித்து ஆறு எண்ணும் வரை விடுவது, ஐந்து நிமிடம். 104 என்ற அரசு மருத்துவ உதவி எண்ணில் மனநல ஆலோசகர்கள் பேசினார்கள், அதைப் பயன்படுத்தியவர்கள் குறைவு. சாச்சுரேஷனை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பார்ப்பதும் பயத்தின் வேலைதான். காலை, மதியம், மாலை, படுக்கும் முன் என்று நாலு முறை போதும். இடையில் மூச்சு வாங்கினால் மட்டும் ஐந்தாவது முறை.

வெளியிலிருந்து வரும் போன் அழைப்புகள் தனி வேதனை. விசாரிக்கும் ஒவ்வொருவரும் தங்களுக்குத் தெரிந்த ஒரு சாவைச் சொல்லிவிட்டு வைப்பார்கள். 2021 மே 21 அன்று மட்டும் தமிழ்நாட்டில் 36,184 பேருக்குத் தொற்று. அந்த எண் டிவியில் ஓடிக்கொண்டே இருந்தது. நல்லபடியாகச் சமாளித்த வீடுகளில் ஒரு பழக்கம் இருந்தது: உறவினர் அனைவருக்கும் பதில் சொல்ல வீட்டில் ஒரே ஆள், காலையும் மாலையும் குரூப்பில் ஒரு வரி. நோயாளியின் போனுக்கு இரண்டு மூன்று பேர் மட்டும், குறித்த நேரத்தில், நோயைத் தவிர வேறு எதையாவது பேச. தனியாக வாழும் பெரியவர்களுக்குப் பொத்தான் போன், அதில் ஒரே எண்ணை அழுத்தினால் மகளோ மகனோ வரும்படி செய்வது; பக்கத்து வீட்டில் ஒருவரிடம் மாற்றுச் சாவி. காலை எட்டு மணி அழைப்பை எடுக்காவிட்டால் அந்தச் சாவிக்காரர் கதவைத் தட்ட வேண்டும் என்று முன்பே பேசி வைப்பது.

அறையைப் பற்றிச் சுருக்கமாக. ஜன்னல் திறந்திருக்க வேண்டும், டேபிள் ஃபேனை ஜன்னலைப் பார்த்து வைத்தால் காற்று வெளியே போகும். சமையலறை எக்சாஸ்ட் ஃபேன் ஓடும்போது அறைக் காற்றைக் கதவிடுக்கு வழியே வீட்டுக்குள் இழுக்கும். அதனால் கதவின் கீழ் ஒரு பழைய துண்டு. சாப்பாட்டை முக்காலியில் வைத்துவிட்டுத் தட்டி, நகர்ந்த பிறகே உள்ளே இருப்பவர் எடுப்பது; திறக்கும்போது இருவருக்கும் மூன்றடுக்கு மாஸ்க். ஒரே கழிவறை என்றால் நோயாளி கடைசியாகப் போய், ஜன்னலைத் திறந்துவிட்டு வர வேண்டும். துடைக்க ப்ளீச்சிங் பவுடர், ஒரு லிட்டர் தண்ணீருக்கு 30 கிராம். கழிவறைக்கு ஊற்றும் ஆசிட்டோடு அது சேரவே கூடாது. எழும் குளோரின் வாயு நல்ல நுரையீரலையே எரிக்கும், ஏற்கெனவே புண்ணான நுரையீரல் என்ன ஆகும்? பால் பாக்கெட்டை சோப்பு போட்டுக் கழுவியதில் செலவான உழைப்பு ஜன்னலைத் திறப்பதில் போயிருந்தால் எத்தனையோ வீடுகளில் இரண்டாவது ஆளுக்கு வந்திருக்காது என்பது எங்கள் ஆதங்கம்.

மருந்தில், பாரசிட்டமால் 650 மில்லிகிராம், ஆறு மணி நேரத்துக்கு ஒன்று, ஒரு நாளைக்கு நாலுக்கு மேல் இல்லை. சளி மாத்திரைகள் பலவற்றுக்குள்ளும் பாரசிட்டமால் இருக்கும், அட்டையைப் படிக்காமல் சேர்த்துப் போட்டால் அளவு இரட்டிப்பாகும். வெப்பத்தை மாத்திரைக்கு முன்னால் பார்த்து எழுத வேண்டும், பின்னால் பார்த்தால் காய்ச்சல் விட்டதாகத் தோன்றும். பிரஷர், சுகர் மாத்திரைகளை நிறுத்தக் கூடாது. காய்ச்சலில் சுகர் ஏறும், குளுக்கோமீட்டர் எண்ணும் அதே நோட்டில்.

ஸ்டீராய்டைப் பற்றிக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். ஆக்சிஜன் தேவைப்பட்டவர்களுக்கு டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு உயிர் காத்தது. பிரிட்டனில் நடந்த பெரிய ஆய்வு 2020-இலேயே அதை நிறுவியது. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கு அது உதவவில்லை என்றும் அதே ஆய்வு சொன்னது. ஆனால் யாரோ அனுப்பிய மருந்துச்சீட்டின் போட்டோவைப் பார்த்து மூன்றாம் நாளிலேயே போட்டுக்கொண்டவர்கள் இருந்தார்கள். வைரஸ் பெருகும் நேரத்தில் எதிர்ப்பை அடக்கியதோடு, சுகரும் ஏறி, கருப்புப் பூஞ்சைத் தொற்றுக்கும் இடம் கொடுத்தது. வைரஸ் எதிர்ப்பு ஊசியான ரெம்டெசிவிர் வீட்டில் போடும் மருந்தே அல்ல. அதற்காக கீழ்ப்பாக்கத்தில் வெயிலில் நின்ற கூட்டத்தை நினைத்தால் இன்றும் வலிக்கிறது.

ஆக்சிஜன் எண் 94-க்குக் கீழே இறங்கி, மருத்துவமனைக்குப் போக வண்டி வர நேரமாகும்போது குப்புறப் படுப்பது உதவியது. கழுத்துக்கு ஒரு தலையணை, மார்பிலிருந்து தொடை வரை ஒன்றோ இரண்டோ, முழங்காலுக்குக் கீழே இரண்டு. அரை மணி நேரம் முதல் இரண்டு மணி நேரம் வரை குப்புற, பிறகு வலப்பக்கம், சாய்ந்து உட்கார்ந்து, இடப்பக்கம், மறுபடி குப்புற. சாப்பிட்டு ஒரு மணி நேரத்துக்குச் செய்யக் கூடாது. கர்ப்பிணிகளும், பெரிய இதய நோய், முதுகெலும்பு அல்லது இடுப்பெலும்பு முறிவு உள்ளவர்களும் செய்யக் கூடாது. இது வண்டி வரும் வரைக்கான வழி. எண் ஏறியதும் வண்டியை வேண்டாம் என்று சொல்லிவிட்டவர்கள் சிலர் மறுநாள் இன்னும் மோசமான நிலையில் கிளம்ப வேண்டியிருந்தது.

கிளம்பும் பை ஐந்தாம் நாளுக்குள் கதவருகில் இருக்க வேண்டும்: ரிசல்ட் தாள், ஆதார், காப்பீட்டு அட்டை, சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியல், அந்த நோட்டு, சார்ஜர் நீள வயரோடு, கண்ணாடி, பல்செட் டப்பா. மே 24 முதல் மளிகைக் கடைகளும் மூடியிருந்த நாட்களில் யாருடைய வண்டி, யார் ஓட்டுவது என்பதைப் பகலிலேயே பேசி முடித்த வீடுகள் இரவு இரண்டு மணிக்குத் தடுமாறவில்லை. படுக்கை தேட தேனாம்பேட்டையில் இயங்கிய கட்டளை மையம், 104, 108 என்று மூன்றுக்கும் ஆளுக்கு ஒருவர் பேசுவது. ஒருவரே மூன்றையும் முயன்றால் காத்திருப்பிலேயே நேரம் போகும்.

பத்து நாள் முடிந்து, கடைசி மூன்று நாளும் காய்ச்சல் இல்லை என்றால், 2021 விதிப்படி தனிமை முடிந்தது. மறுபடி ஆர்டி-பிசிஆர் எடுக்கத் தேவையில்லை. செத்த வைரஸின் துணுக்குகள் வாரக்கணக்கில் பாசிட்டிவ் காட்டும், அந்தத் தாளைப் பார்த்து மனிதர்களை மறுபடி அறைக்குள் தள்ளுவது கொடுமை. களைப்பு நீண்ட நாள் இருக்கும். படியேறுவதை நாளுக்கு ஒரு மாடியாகக் கூட்டலாம், மறுநாள் படுக்க வைத்தால் முந்தைய அளவுக்குத் திரும்ப வேண்டும்.

கொரோனாவில் போன வாசனை உணர்வு திரும்பாதவர்களுக்குக் கிராம்பு, எலுமிச்சைத் தோல், பன்னீர் ரோஜா, நீலகிரித் தைலம்: ஒவ்வொன்றையும் இருபது விநாடி, அந்த வாசனையை மனதில் நினைத்தபடி, காலையும் மாலையும், மாதக்கணக்கில். அதுவரை காஸ் கசிந்தாலும் அவர்களுக்குத் தெரியாது. அடுப்பைப் பற்றவைக்கும் முன் வேறு ஒருவர் மோந்து பார்க்க வேண்டும், தனியாக இருப்பவர்கள் சமைத்து முடித்ததும் சிலிண்டரிலேயே ரெகுலேட்டரை அடைத்துவிட வேண்டும்.