சின்ன நெட் கம்பெனிகள் உண்மையில் எதற்குப் பயந்தன?

நெட் நியூட்ராலிட்டி, அதாவது நெட் கொடுக்கும் கம்பெனி எல்லாத் தளங்களையும் ஒரே மாதிரி நடத்த வேண்டும் என்ற பேச்சு எடுத்தாலே ஒரு வாதம் தவறாமல் வந்துவிடும். பெரிய கம்பெனிகள் எந்த விதியையும் தாங்கிக்கொள்ளும், ஆயிரம் வீட்டுக்கு நெட் கொடுக்கிற சின்ன ஆள்தான் நொடித்துப்போவான் என்று. சின்ன கம்பெனிகள் மேல் எனக்கு நிஜமாகவே பாசம் உண்டு. அதனாலேயே, அவர்கள் பெயரைச் சொல்லி மற்றவர்கள் பேசுவதை ஒதுக்கிவிட்டு, அவர்களே என்ன சொன்னார்கள் என்று பார்க்க வேண்டும் என்பேன்.

இதற்கு அமெரிக்காவில் 2017இல் நடந்ததை விட நல்ல உதாரணம் கிடையாது. அதற்கு இரண்டு வருஷம் முன்பு, 2015 பிப்ரவரியில், அங்குள்ள தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்சிசி மூன்றுக்கு இரண்டு ஓட்டில் விதிகளைக் கொண்டுவந்தது. எந்தத் தளத்தையும் தடுக்காதே, வேகத்தை வேண்டுமென்றே குறைக்காதே, காசு வாங்கிக்கொண்டு யாரையும் முன்னால் விடாதே. சாரம் இவ்வளவுதான். ஆனால் இதற்குச் சட்ட பலம் வேண்டுமே, அதற்காக இணைய சேவையை 1934ஆம் வருஷத் தொலைத்தொடர்புச் சட்டத்தின் 'டைட்டில் 2' பகுதிக்குள் கொண்டுபோய் வைத்தார்கள். பழைய டெலிபோன் கம்பெனிகளை அடக்கி வைக்க எழுதிய பகுதி அது. சண்டை முழுக்க அங்கேதான் ஆரம்பித்தது.

2017 ஏப்ரலில் எஃப்சிசியின் புதுத் தலைவர் அஜித் பாய் விதிகளை எடுத்துவிடப்போவதாக அறிவித்தபோது, 22 சின்ன கம்பெனிகள் எழுதியிருந்ததை எடுத்துக் காட்டினார். ஒவ்வொன்றுக்கும் சுமார் ஆயிரம் வாடிக்கையாளர்கள், அல்லது அதற்கும் கீழே. டைட்டில் 2 தங்கள் தொழில் மேல் கருமேகம் மாதிரி தொங்குகிறது, கடன் கிடைப்பதே சிரமமாகிவிட்டது என்று அவை சொல்லியிருந்தன. ஜூன் மாதம் நாற்பதுக்கும் மேற்பட்ட கம்பெனிகள் அதே பாய்க்கே, இதற்கு நேர் எதிராக எழுதின: 2015 முடிவால் எங்கள் முதலீட்டுக்குப் புதிதாக எந்தத் தடையும் வரவில்லை, விதிகளை எடுக்காதீர்கள் என்று. கலிபோர்னியாவில் சாண்டா ரோசாவின் சோனிக், சான் ஃபிரான்சிஸ்கோவில் மொட்டை மாடி ஆன்டெனாக்கள் வழியாக நெட் கொடுக்கும் மங்கிபிரெயின்ஸ் எல்லாம் அதில் உண்டு.

இந்த 22 பேர் பொய் சொன்னார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். கட்டணத்தை அரசு நிர்ணயிக்காது என்று 2015 உத்தரவிலேயே எழுதியிருந்தாலும், அடுத்த ஆணையம் அதை மாற்றாது என்று யார் உறுதி கொடுப்பது? கடன் கொடுப்பவர் அந்தக் கேள்வியைத்தான் கேட்பார். நாலு பேரை வைத்து ஓட்டும் கம்பெனியில் வக்கீலுக்குத் தனியாக ஆள் கிடையாது. ஆனால் இதெல்லாம் காகித வேலை பற்றிய பயம், சட்டத்தின் எதிர்காலம் பற்றிய பயம். தடுக்காதே, குறைக்காதே என்ற விதியால் எங்கள் தொழில் படுத்துவிட்டது என்பது வேறு புகார். காகித வேலைக்கு வழியும் இருந்தது. கூடுதல் விவரம் வெளியிடும் கடமையிலிருந்து, ஒரு லட்சம் சந்தாதாரர்கள் வரை உள்ளவர்களுக்கு முதலிலேயே தற்காலிக விலக்கு கொடுத்தார்கள். 2017 தொடக்கத்தில் பாய் அதையே இரண்டரை லட்சமாக உயர்த்திக் கொடுத்தார். விதிகள் அப்படியே இருக்கும்போதே நடந்தது இது.

இன்னொன்று, பெரும்பாலானவர்கள் பேசாத விஷயம்: கம்பம். ஃபைபர் இழுக்க ரோட்டோரக் கம்பத்தில் இடம் வேண்டும். அந்தக் கம்பம் மின்சார கம்பெனியுடையது, இல்லையென்றால் டெலிபோன் கம்பெனியுடையது, அதாவது பல ஊர்களில் உங்கள் போட்டியாளருடையது. நியாயமான வாடகைக்கு இடம் கேட்கும் உரிமையைச் சட்டம் கேபிள் டிவிக்கும் டெலிபோனுக்கும் மட்டும் கொடுத்திருந்தது. வெறும் இணையம் மட்டும் விற்கிற கம்பெனிக்கு அந்த உரிமை வந்ததே டைட்டில் 2 வந்த பிறகுதான். 2017 டிசம்பரில் விதிகளை எடுத்தபோது அதுவும் போனது. 2019 அக்டோபரில் ஃபயர்பாக்ஸ் பிரவுசரை உருவாக்கும் மொசில்லா தொடுத்த வழக்கில் நீதிமன்றம் ரத்தைப் பெரும்பாலும் ஏற்றுக்கொண்டாலும், கம்பம் விஷயத்தைச் சரியாக யோசிக்கவில்லை என்று எஃப்சிசியிடமே திருப்பி அனுப்பியது. சின்ன கம்பெனிகளைக் காப்பாற்றுகிறோம் என்று சொல்லித்தான் இதையும் பிடுங்கினார்கள். எனக்கு இன்னும் ஆறாத கோபம் இது.

சின்னவர்கள் யாரும் தப்பு செய்ய மாட்டார்கள் என்றும் சொல்லிவிட முடியாது. 2005இல் வட கரோலினாவின் மேடிசன் ரிவர் என்ற கிராமப்புற டெலிபோன் கம்பெனி, தன் போன் வருமானம் குறையும் என்று வோனேஜ் என்ற கம்பெனியின் இணைய அழைப்புகளைத் தடுத்தது. எஃப்சிசி தலையிட்டதும் 15,000 டாலர் கட்டி முடித்துக்கொண்டது. போட்டியே இல்லாத ஊரில் கம்பெனி சின்னதா பெரியதா என்பது வாடிக்கையாளருக்கு ஒன்றுதான்.

நம்ம ஊரில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2016 பிப்ரவரி 8இல் வேறு வழியில் போனது. தளத்துக்குத் தளம் வேறு வேறு விலை வைக்கக் கூடாது, மீறினால் நாளுக்கு 50,000 ரூபாய், அதிகபட்சம் 50 லட்சம் அபராதம். நிறுவனத்தை எந்தப் பெட்டியில் போடுவது என்ற சண்டையே வரவில்லை. எங்கள் தெருவுக்கு ஃபைபர் கொடுக்கும் அண்ணனிடம் இந்த விதி உங்களுக்குத் தொல்லையா என்று கேட்டேன். வீட்டுச் சுவரில் ஃபைபர் வந்து சேரும் ஓஎன்யு பெட்டியை மாட்டிக்கொண்டே, "சார், நான் மேல இருந்துதான் லைன் வாங்குறேன், அவங்க எதையாவது அமுக்கினா கஸ்டமர் என்னைத்தானே திட்டுவாங்க" என்றார். நாற்பது கம்பெனிகளின் கவலையும் கிட்டத்தட்ட அதுதான். காசு கொடுத்தால் முந்தலாம் என்று ஆகிவிட்டால், வீடியோ கம்பெனிகள் பேரம் பேசப்போவது கோடிக்கணக்கான வாடிக்கையாளர் உள்ளவரிடம்தானே தவிர ஆயிரம் வீட்டுக்காரரிடம் அல்ல.

அப்புறம், 2024 ஏப்ரலில் எஃப்சிசி விதிகளைத் திரும்பக் கொண்டுவந்தது, 2025 ஜனவரி 2 அன்று ஆறாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. ஆனால் கலிபோர்னியா 2018இலேயே தனிச் சட்டம் போட்டிருந்தது. சோனிக்கும் மங்கிபிரெயின்ஸும் அந்தச் சட்டத்தின் கீழேதான் தொழில் நடத்துகின்றன. சோனிக் இப்போது வீடுகளுக்கு 10 ஜிகாபிட் ஃபைபர் விற்கிறது.