இடிமுழக்கம் கேட்ட பிள்ளைக்கு விசில் கேட்கவில்லை

தரம் இரண்டில் படிக்கும் என் மகனுடைய இரண்டு காதுகளிலும் இப்போது செவிப்புலன் கருவி இருக்கிறது. நிம்மதி ஒரு பக்கம் இருந்தாலும், அந்தக் கருவி அவனிடம் வந்து சேர ஏன் இவ்வளவு காலம் எடுத்தது என்ற கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. முல்லைத்தீவுக் கரையோரத்தில் இருந்துகொண்டு பிள்ளையின் காதைப் பரிசோதிக்க வெளிக்கிடும் பெற்றோர் எந்தெந்த இடத்தில் மறிக்கப்படுவார்கள் என்பதை முன்கூட்டியே அறிந்திருந்தால், நாங்கள் வீணாகப் போய்வந்த பயணங்களில் சிலவற்றையாவது தவிர்க்கலாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

அவனுக்குக் காது கேட்கும் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். இடி முழங்கினால் திடுக்கிடுவான். படகு இயந்திரத்தின் சத்தம் கேட்டதும் அப்பப்பா வந்துவிட்டார் என்று கரைக்கு ஓடுவான். ஆனால் சட்டையை 'அட்டை' என்றும் சீனியை 'ஈனி' என்றும் ஐந்து வயது தாண்டியும் சொல்லிக்கொண்டிருந்தான். நான் முன்பள்ளி ஆசிரியை. எந்த வயதில் எந்த எழுத்து நாவில் ஏறும் என்பதைப் பார்த்துப் பழகியவள். இது மழலை இல்லை என்று நான் சொன்னபோது, "பெடியன்கள் பிந்தித்தான் கதைப்பாங்கள், வளர வளரச் சரியாகும்" என்ற ஒரே பதில்தான் உறவினரிடமிருந்தும், முதலில் காட்டிய வைத்தியரிடமிருந்தும் வந்தது.

என் சந்தேகம் உறுதியானது கடலில்தான். ஒரு காலை நேரம் என் மாமனார் பேரப்பிள்ளைகளைப் படகில் ஏற்றிக்கொண்டு கரைக்குக் கிட்டவே போயிருந்தபோது ஓங்கில் (டொல்பின்) கூட்டம் ஒன்று படகைச் சுற்றி வந்திருக்கிறது. அவர் இயந்திரத்தை நிறுத்தினாராம். நீருக்குள் அவை எழுப்பும் விசில் படகின் அடித்தட்டு வழியாக மெல்லிதாகக் கேட்டிருக்கிறது. என் கணவரின் அண்ணன் மகள் தட்டில் காதை வைத்து "கேக்குது, கேக்குது" என்று துள்ள, என் மகன் அதே இடத்தில் காதை வைத்துவிட்டு, அவள் எதற்காகச் சிரிக்கிறாள் என்று அவளுடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான் என்று மாமனார் வந்து சொன்னார். இடியையும் இயந்திரத்தையும் கேட்கும் காதுக்கு விசில் ஏன் எட்டவில்லை என்பதற்கான விடை பிற்பாடு செவிச்சோதனை வரைபில் தெரிந்தது. தாழ்ந்த சுருதியில் உள்ள ஒலிகள் அவனுக்கு ஏறக்குறைய இயல்பாகவே கேட்கின்றன. சுருதியின் அளவு 2000 ஹேர்ட்ஸைத் தாண்டியதும் கோடு சரிந்து கீழே போகிறது. ஓங்கிலின் விசிலும் 'ச' போன்ற எழுத்துகளின் சீறலும் அந்த மேற்பகுதியைச் சேர்ந்தவை. ஆகவே கையைத் தட்டிப் பார்த்தும் பெயரைச் சத்தமாகக் கூப்பிட்டுப் பார்த்தும் பிள்ளையின் காது நல்லது என்று எவரும் முடிவெடுக்க வேண்டாம்.

பாடசாலை மருத்துவப் பரிசோதனையில் என் கவலையை நேராகச் சொன்னேன், உடனே கடிதம் எழுதித் தந்தார்கள். அந்தக் கடிதத்தோடு விடியப்புறம் முதல் பஸ்ஸில் ஏறி, பரந்தன் சந்தியில் இறங்கி மாறி, காது மூக்குத் தொண்டைக் கிளினிக் நடக்கும் வைத்தியசாலைக்குப் போய்ச் சேர்ந்தோம். பதிவு செய்யும் இடத்தில் இருந்தவர் கடிதத்தைப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார். கையொப்பம் இருந்தது, திகதி இருந்தது, வைத்தியரின் இறப்பர் முத்திரை இல்லை. "முத்திரை இல்லாமல் பதிய ஏலாது அக்கா, வைச்சுக்கொண்டு வாங்கோ" என்றார். நாங்கள் எங்கிருந்து வருகிறோம் என்று சொன்னேன். கடிதத்திலுள்ள அலுவலகத்துக்குத் தொலைபேசியில் கேட்டு உறுதிப்படுத்த முடியாதா என்று கேட்டேன். அவர் எனக்குப் பின்னால் நின்றவரின் துண்டை வாங்கத் தொடங்கிவிட்டார். விதி விதிதான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த முத்திரை குத்தப்படாமல் போனதற்குப் பிள்ளை பொறுப்பில்லை. அதற்கான தண்டனை பஸ் கட்டணமாகவும், மாமனார் கடலுக்குப் போகாமல் எங்களோடு வந்த நாளின் உழைப்பாகவும் எங்கள் தலையிலேயே விழுந்தது. கடிதம் கையில் கிடைத்தால் அந்த இடத்தை விட்டு நகர முன்னர் பிள்ளையின் முழுப்பெயர், பிறந்த திகதி, கையொப்பம், முத்திரை, எந்தச் சோதனை வேண்டும் என்ற வரி ஆகியவை இருக்கின்றனவா என்று நீங்களே வாசித்துப் பாருங்கள்.

முத்திரையோடு போனபோது வேறொன்று மறித்தது. சோதனை அறைக்குள் போய் அவனுடைய காதுக்குள் வெளிச்சம் பிடித்துப் பார்த்ததும் நிறுத்திவிட்டார்கள். இரண்டு காதுகளிலும் குறும்பி இறுகி அடைத்திருந்தது. அந்த நிலையில் எடுக்கும் அளவு பிழையாக வரும் என்பதால், துளிமருந்து விட்டு இளக்கி அகற்றிய பின்னரே சோதிக்கலாம் என்றார்கள். அது நியாயமானது. ஆனால் கடிதம் எழுதிய இடத்திலேயே காதுக்குள் ஒருமுறை பார்த்திருந்தால் அந்தத் துளிமருந்தை எங்கள் ஊரிலேயே விட்டு முடித்திருக்கலாம். தூர இடத்தில் திகதி கிடைத்தவர்கள், அதற்கு ஒரு வாரம் முன்னதாகவே அருகிலுள்ள வைத்தியசாலையில் பிள்ளையின் காதைப் பார்க்கச் சொல்லுங்கள். பஞ்சுக் குச்சியால் வீட்டில் தோண்ட வேண்டாம். அது குறும்பியை இன்னும் உள்ளே தள்ளும். தடிமன் பிடித்திருக்கும் நேரத்திலும் போக வேண்டாம்; நடுச்செவியில் நீர் கட்டியிருந்தால் அளவு மாறிவிடும்.

சோதனை நடந்த நாளை நான் மறக்கமாட்டேன். செவிச்சோதனை செய்த மிஸ் அவனிடம் ஒரு வாளியையும் கொஞ்சம் மரக்கட்டைகளையும் கொடுத்து, காதில் 'பீப்' என்று கேட்கும்போதெல்லாம் ஒரு கட்டையை வாளிக்குள் போட வேண்டும் என்று பழக்கினார். தடித்த ஒலிக்குக் கட்டைகள் ஒழுங்காக விழுந்தன. சுருதி ஏற ஏற அவனுடைய கை கட்டையைப் பிடித்தபடி காற்றில் நின்றது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்த எனக்குச் சத்தம் கேட்காது; அவனுடைய கையை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு, உட்செவியை நேரடியாகச் சோதிப்பதற்காகக் காதுக்குப் பின்னாலுள்ள எலும்பில் சிறிய அதிர்வுக் கருவி ஒன்றை வைக்கப் போனபோது அவன் பயந்து தலையை இழுத்துக்கொண்டான். எத்தனை சொல்லியும் சம்மதிக்கவில்லை. அவனுக்கு எது விருப்பம் என்று மிஸ் கேட்டார், ஓங்கில் என்றேன். அவர் கருவியைக் கீழே வைத்துவிட்டு, ஓங்கிலுக்கு உன்னுடையதைப் போல வெளியில் காது இல்லை, ஊசித் துளை போன்ற ஓட்டை மட்டும்தான் இருக்கிறது, அது தன்னுடைய கீழ்த்தாடையால்தான் கேட்கிறது, தாடைக்குள் இருக்கும் கொழுப்பு சத்தத்தை உள்ளே கொண்டுபோய்ச் சேர்க்கிறது, நீயும் இப்போது எலும்பால் கேட்கப் போகிறாய் என்று சொன்னார். அவன் தன் தாடையைத் தடவிப் பார்த்தான், பிறகு தலையைக் காட்டினான். எலும்பு வழியாகவும் அதே சுருதியில் கோடு சரிந்ததால், குறை நடுச்செவியில் இல்லை, உட்செவியில் இருக்கிறது, மருந்தாலோ சத்திரசிகிச்சையாலோ திரும்பாது, கருவிதான் வழி என்பது தெளிவானது.

இவ்வளவு பொறுமையாக ஒருவர் எங்களோடு நடந்துகொண்டதை எழுதாமல் விட்டால் அது நன்றியில்லாத செயல். அவர் அன்று என்னிடம் சொன்ன இன்னொன்றும் மனதில் நிற்கிறது. போத்தல் மூக்கு ஓங்கிலின் குட்டி ஒவ்வொன்றும் பிறந்த சில மாதங்களில் தனக்கென்று ஒரு விசிலை அமைத்துக்கொள்கிறது. தாயும் குட்டியும் பிரிந்தால் விசில் மூலமாகவே ஒன்றையொன்று தேடிச் சேர்கின்றன. ஒரு வருடத்துக்கும் மேலாகப் பால் குடிக்கும் அந்தக் குட்டிக்குத் தாயின் சத்தம் கேட்காமல் போனால் பிழைப்பே இல்லை. மனிதக் காது ஏறத்தாழ 20,000 ஹேர்ட்ஸோடு நின்றுவிட, அவற்றின் செவி 150,000 ஹேர்ட்ஸ் வரை எட்டும். இரையையும் வழியையும் எதிரொலியைக் கொண்டே அறிகின்றன. ஒலி நீரில் காற்றிலும் பார்க்க நான்கு மடங்குக்கும் மேலான வேகத்தில், வினாடிக்குச் சுமார் 1500 மீற்றர் செல்வதால், கடலில் எழும் வெடிச்சத்தத்திலிருந்து அவற்றுக்கு ஒளிய இடமில்லை. சட்டத்தால் தடுக்கப்பட்ட டைனமைற் மீன்பிடியை இன்னும் செய்பவர்கள் மீனை மட்டும் கொல்வதில்லை என்று என் மாமனார் முன்னரே சொல்வார். உட்செவியின் நுண்ணிய மயிர்க் கலங்கள் ஒருமுறை அழிந்தால் மனிதனிலும் அவை மீண்டும் முளைப்பதில்லை. 2009 இல் போரின்போது அருகே செல் (எறிகணை) விழுந்த நாளிலிருந்து என் வலது காதில் ஓயாத இரைச்சல் இருக்கிறது. அதனால் எனக்கு இதைப் புத்தகம் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கவில்லை.

பிறந்த குழந்தைக்கே செய்யக்கூடிய சோதனை இருக்கிறது என்பதையும் அங்கேதான் அறிந்தேன். குழந்தை தூங்கும்போது காதில் சிறு முனையை வைத்து, உட்செவி திருப்பி அனுப்பும் ஒலியைச் சில நிமிடங்களில் பதிந்துவிடலாம். ஒரு மாதத்துக்குள் சோதனை, மூன்று மாதத்துக்குள் நோயறிதல், ஆறு மாதத்துக்குள் கருவியும் பயிற்சியும் என்பது உலகெங்கும் சொல்லப்படும் இலக்கு. குடும்பத்தில் கேட்டல் குறைபாடு இருப்பவர்கள், எடை குறைந்து பிறந்த, கடும் மஞ்சட்காமாலை வந்த, மூளைக்காய்ச்சல் கண்ட பிள்ளைகளின் பெற்றோர், குடும்பநல உத்தியோகத்தரிடம் இதைக் கேட்டு வாங்க வேண்டும்.

கருவிக்கான உதவி கேட்டு விண்ணப்பித்தபோது மறுபடியும் கடதாசிப் பிரச்சினை. பிறப்புச் சான்றிதழில் அவனுடைய பெயரில் 'ற' இருந்தது. கிளினிக் கொப்பியிலும் செவிச்சோதனை வரைபிலும் 'ர' எழுதியிருந்தார்கள். இருவரும் ஒருவரே என்பதற்கு அத்தாட்சி இல்லை என்று கோப்பைத் திருப்பி அனுப்பினார்கள். எதைக் கொண்டுவந்தால் ஏற்பீர்கள் என்று கேட்டதற்கு, "விசாரிச்சுப் பாருங்கோ" என்றதே பதில். யாரிடம் என்று சொல்லவில்லை. எங்கள் கிராம அலுவலர்தான் வழிகாட்டினார்: சமாதான நீதவான் முன் ஒரு சத்தியக்கடதாசி முடித்து, அதில் இரண்டு எழுத்து வடிவங்களையும் குறிப்பிட்டு, கிராம அலுவலருடைய உறுதிப்படுத்தலோடு சேர்த்துக் கொடுத்தோம், ஏற்றுக்கொண்டார்கள். இடம்பெயர்ந்து பத்திரங்களைத் தொலைத்து மீண்டும் எடுத்த குடும்பங்களில் இத்தகைய எழுத்து வேறுபாடு எங்கும் இருக்கும். ஆகவே கிளினிக் கொப்பி திறக்கும் முதல் நாளே பிறப்புச் சான்றிதழைக் காட்டி, அதில் உள்ளபடி எழுதச் சொல்லுங்கள். செவிச்சோதனை வரைபின் மூலப்பிரதியை எவரிடமும் கொடுக்காதீர்கள். பிரதி எடுத்துக் கொடுங்கள்.

அச்செடுத்தது, கருவி பொருத்தியது எல்லாம் சிரமமின்றி முடிந்தன. பசை போன்ற பொருளைக் காதுக்குள் விட்டு அச்செடுப்பார்கள். பிள்ளை வளர வளர அச்சு தளர்ந்து கருவி கீச்சிடத் தொடங்கும், அப்போது புதிய அச்சு வேண்டும். பற்றரி வாங்குவதில்தான் அவதானம் தேவை. அவனுடைய கருவிக்கு 13 ஆம் இலக்கம், செம்மஞ்சள் ஒட்டி உள்ளது. மணிக்கூட்டுக் கடையில் தரும் வெள்ளி நிறப் பற்றரி அதற்குச் சரிவராது. இது காற்றுப் பட்டால் வேலை செய்யும் வகை; ஒட்டியை உரித்து ஒரு சில நிமிடம் வெளியில் வைத்த பிறகே போட வேண்டும், உரித்ததை மீண்டும் ஒட்டி மிச்சம்பிடிக்க முடியாது. இங்கே தேடினால் கிடைப்பது அரிது என்பதால் கிளினிக்குக்குப் போகும்போதே சேர்த்து வாங்கி வைக்கிறேன். எங்கள் உப்புக்காற்றுக்கும் வியர்வைக்கும் கருவி தாங்காது. இரவில் பற்றரிக் கதவைத் திறந்து, ஈரமுறிஞ்சும் மணிகள் உள்ள மூடிய டப்பாவுக்குள் வைக்க வேண்டும்.

மிஞ்சியிருக்கும் கேட்டலைக் காப்பதுதான் இனி என் வேலை. பிள்ளைகளுக்கு வாரத்துக்கு 40 மணி நேரம் என்ற கணக்கில் கேட்கும் சத்தத்தின் அளவு 75 டெசிபலைத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் பாதுகாப்பான நேரம் பாதியாகும். திருவிழாக் காலத்தில் எங்கள் ஊர்க் கோயிலின் ஒலிபெருக்கிப் பெட்டிகளை முன்பள்ளி மதிலோடு அடுக்குவது வழக்கம். பிள்ளைகள் அவற்றின் முன்னால்தான் விளையாடுவார்கள். இரவு 10 மணிக்கும் காலை 6 மணிக்கும் இடையில் ஒலிபெருக்கிக்குப் பொதுவாக அனுமதி வழங்கக் கூடாது என்று 2007 இல் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது என்றாலும், பிள்ளைகள் நிற்பது பகலில்தான். நிர்வாக சபைக் கூட்டத்துக்கு என் மகனுடைய வரைபைக் கொண்டுபோனேன். அம்மனுக்குச் செய்வதை நிறுத்தச் சொல்கிறேன் என்று ஒரு பெரியவர் கோபப்பட்டார். நிறுத்தச் சொல்லவில்லை ஐயா, தள்ளி வைக்கச் சொல்கிறேன், திறந்த வெளியில் தூரம் இரட்டிக்கும்போது 6 டெசிபல் குறையும் என்று விளக்கினேன். பூசகர் என் பக்கம் பேசினார். பெட்டிகளை மதிலிலிருந்து அகற்றித் தேர்முட்டிக்கு அப்பால், வீதியைப் பார்த்தபடி வைப்பதென்றும், அவற்றின் முன்னால் பிள்ளைகள் நிற்காதபடி கயிறு கட்டுவதென்றும் தீர்மானித்தார்கள். அதைக் கூட்ட அறிக்கையில் எழுதச் சொல்லி, தலைவரின் கையொப்பமும் கோயில் முத்திரையும் உள்ள பிரதியொன்றை வாங்கி வைத்திருக்கிறேன்.