பாலத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்

பவானியில் இருக்கிற என் தம்பி போன வாரம் போன் பண்ணினான். அவன் பையன் இந்த வருஷம் பத்தாவது. "அக்கா, ப்ளஸ் ஒன்னுக்கு எங்க சேத்தறது? ஈரோடா, திருச்செங்கோட்டுப் பக்கமா? ரெண்டையும் பாத்தவ நீதான், சொல்லு" என்றான். போனில் சொல்லி முடிகிற விஷயமா அது? வீட்டுக் கணக்கு நோட்டு எல்லாவற்றையும் பீரோவிலிருந்து இறக்கி வைத்து, ரசீதுகளை எடுத்துப் பார்த்துவிட்டு எழுதுகிறேன். அவனுக்காகத்தான் எழுதுகிறேன் என்றாலும், ஜூன் மாதத்தை நினைத்துத் தூக்கம் வராமல் கிடக்கிற வேறு யாருக்காவது உதவினாலும் சந்தோஷம்.

எங்கள் வீடு பள்ளிபாளையம். பன்னிரண்டு விசைத்தறி, லுங்கிதான் ஓடுகிறது. கூலி நெசவு. காவிரிப் பாலத்தைத் தாண்டினால் கருங்கல்பாளையம், அதோடு ஈரோடு ஆரம்பித்துவிடும். ஆறுதான் மாவட்ட எல்லை. சந்தை, ஆஸ்பத்திரி, ரயில் எல்லாவற்றுக்கும் நாங்கள் ஈரோடு போகிறவர்கள். பட்டாவும் ரேஷன் கார்டும் மட்டும் நாமக்கல் மாவட்டம். பத்து நிமிஷத்தில் நடந்து கடக்கிற பாலம்தான். ஆனால் அதன் இரண்டு பக்கத்துத் தனியார் பள்ளிகளும் ஒரே அரசாங்கத்தின் ஒரே பாடப்புத்தகத்தை வைத்துக்கொண்டு இரண்டு வேறு உலகமாக இருந்தன.

பெரியவனை 2014 ஜூனில் திருச்செங்கோட்டுப் பக்கம் ஒரு விடுதிப் பள்ளியில் ப்ளஸ் ஒன் சேர்த்தோம். பத்தாவதில் நல்ல மார்க். அந்தக் காலத்தில் நல்ல மார்க் எடுத்த பிள்ளையை நாமக்கல் மாவட்டத்துப் பள்ளியில் விடாமல் வீட்டில் வைத்திருந்தால் சொந்தக்காரர்களே கேட்பார்கள். ராமநாதபுரம், திருவண்ணாமலையிலிருந்தெல்லாம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வாசலிலேயே இருக்கிற நமக்கு என்ன வந்தது என்றார் என் மாமியார்.

ஏன் அவ்வளவு கூட்டம் என்பதற்குக் காரணம் இருந்தது. தமிழ்நாட்டில் நுழைவுத்தேர்வை 2007-ல் எடுத்தார்கள். அதன் பிறகு டாக்டர் சீட்டுக்கு ப்ளஸ் டூ மார்க் ஒன்றே போதும். உயிரியலில் 100, இயற்பியலும் வேதியியலும் சேர்ந்து 100, ஆக 200-க்கு எத்தனை கட்-ஆஃப் என்பதுதான் பேச்சு. ப்ளஸ் ஒன் மார்க்கை யாரும் கேட்பதில்லை. அப்புறம் எதற்கு ப்ளஸ் ஒன் பாடம் நடத்த வேண்டும்? லாரி, கோழிப்பண்ணை, போர் போடுகிற ரிக் வண்டி என்று நாலு பேர் பங்கு போட்டுத் தொழில் நடத்திப் பழகிய மண் இது. அதே மாதிரி பங்கு சேர்ந்து பள்ளிக்கூடமும் கட்டினார்கள், அதே உழைப்போடு நடத்தினார்கள். உழைப்பை நான் குறை சொல்ல மாட்டேன். காலை ஐந்து மணிக்குப் பிள்ளைகளோடு எழுந்த வாத்தியார்களை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

என் மகன் கையில் ஆகஸ்ட் மாதமே ப்ளஸ் டூ புத்தகம் வந்துவிட்டது. இரண்டு வருஷமும் அதே புத்தகம். தினமும் ஒரு பரீட்சை.

முதல் வருஷம் கட்டியது 1,65,000 ரூபாய். நோட்டில் இப்படி எழுதி வைத்திருக்கிறேன்: கமிட்டி கட்டணம் 28,500. விடுதி 70,000. மீதி 66,500. முதல் இரண்டுக்கும் பள்ளி பெயர் அச்சடித்த ரசீது இருக்கிறது. அந்த 66,500-க்கு இருப்பது கோடு போட்ட நோட்டிலிருந்து கிழித்த அரைத் தாள். அதில் பள்ளி பெயர் இல்லை, சீல் இல்லை. தொகையும் தேதியும், கீழே ஒரு சுழித்த கையெழுத்தும். தனியார் பள்ளிக் கட்டணத்தை முறைப்படுத்த 2009-லேயே சட்டம் வந்துவிட்டது. ஓய்வு பெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு, ஒவ்வொரு பள்ளிக்கும் எவ்வளவு வாங்கலாம் என்று அவர்கள் நிர்ணயித்துக் கொடுப்பார்கள். எனக்கு அது தெரியும். பி.காம். படித்தவள், தறிக் கணக்கு முழுக்க நான்தான் பார்க்கிறேன். தெரிந்தே அந்த அரைத் தாளை வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வந்தேன். பின்னாலேயே இருபது பேர் வரிசையில் நின்றார்கள். கேட்டால் சீட்டு அடுத்தவருக்குப் போய்விடும் என்ற பயம். ஏலச்சீட்டுத் தள்ளி எடுத்த பணம் அது. இன்றைக்கு அந்தத் தாளைப் பார்த்தாலும் வயிறு எரிகிறது.

பெட்டி, படுக்கை, பக்கெட், ஜக்கு, பூட்டு என்று தனியாக 4,300 ஆனது. அதற்கப்புறம் வருஷம் முழுக்க ஒரு பைசா கேட்கவில்லை. கூப்பிடவும் இல்லை. மார்க் கடிதம் வரும், அவ்வளவுதான்.

மாதத்தில் ஒரு ஞாயிறு பார்க்க விடுவார்கள். ஒன்றிலிருந்து நாலு மணி வரை. மைதானத்தை ஒட்டி வரிசையாகப் புளியமரம். ஒவ்வொரு மரத்தடியிலும் ஒரு பாய், ஒரு டிபன் கேரியர், ஒரு குடும்பம். காரில் வந்தவர்களும் பஸ்ஸில் வந்தவர்களும் ஒரே மண்ணில் உட்கார்ந்திருப்போம். அவனுக்குப் பிடிக்குமே என்று சின்ன வெங்காயமும் வரமிளகாயும் தேங்காய்ச் சில்லும் போட்டு எங்கள் ஊர்ச் சிக்கன் வறுத்துக் கொண்டுபோவேன். தலையை ஒட்ட வெட்டிய பையன்கள் ஒரே மாதிரிச் சட்டையில் கூட்டமாக வரும்போது என் மகன் எது என்று ஒரு நிமிஷம் தெரியாது. செப்டம்பரில் ஒரு ஞாயிறு. இலையைப் போட்டேன். தலை நிமிராமல் சாப்பிட்டான். மென்றானா என்றே தெரியவில்லை. எலும்பைக்கூடச் சரியாகக் கடிக்காமல் ஒதுக்கிவிட்டு எழுந்துவிட்டான். "மெதுவாத் தின்னு சாமி, ஆரு புடுங்கப் போறாங்க" என்றேன். "பத்து நிமிஷம்தான்ம்மா மெஸ்ஸுல" என்றான். அப்புறம் அவனே புரிந்துகொண்டு மறுபடி உட்கார்ந்தான். இன்னொரு கரண்டி போட்டேன். அதையும் அதே வேகத்தில்தான் தின்றான். சட்டைப் பையில் நாலாய் மடித்த வேதியியல் சமன்பாட்டுத் தாள் இருந்தது. என்னோடு பேசும்போதே கை அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டது.

இப்போது பெங்களூரில் வேலை பார்க்கிறான். சாப்பாட்டு வேகம் மட்டும் மாறவில்லை.

2016-ல் 1,200-க்கு 1,136. கட்-ஆஃப் 192.5. மருத்துவம் கிடைக்கவில்லை, இன்ஜினியரிங் போனான். முதல் செமஸ்டரில் கணக்கில் அரியர். அவன் கணக்கில் அரியர் வைக்கிற பையன் இல்லை. என்னடா என்றால், வகைநுண்கணிதம், தொகைநுண்கணிதத்துக்கு அடிப்படை ப்ளஸ் ஒன் புத்தகத்தில்தான் இருக்கிறதாம். அந்தப் புத்தகம் எங்கள் வீட்டுப் பரணில் ஒரு மடிப்புக்கூட விழாமல் புதுசாகக் கிடந்தது. செமஸ்டர் லீவில் அதை எடுத்து வைத்துக்கொண்டு, கல்லூரியில் படிக்கிற பையன், பதினோராம் வகுப்புக் கணக்கைப் போட்டான். 1,65,000-மும் அடுத்த வருஷம் 1,72,000-மும் கட்டியதற்கு அந்த ஒரு வருஷப் பாடத்தைத் தராமல் விட்டார்கள் என்பதுதான் அந்தப் பள்ளி மேல் எனக்கு இருக்கிற கோபம். பணம்கூட இரண்டாவதுதான்.

பாப்பாவின் முறை 2022-ல் வந்தது. அதற்குள் எல்லாம் மாறியிருந்தது. 2017-ல் நீட் வந்தது, ப்ளஸ் டூ மார்க்குக்கு மருத்துவத்தில் மதிப்பு போனது. அதே வருஷம் மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிப்பதை நிறுத்தினார்கள். ரிசல்ட் வந்த மறுநாள் பாலத்து முனையில் பிள்ளைகள் முகமாகக் கட்டுகிற ஃபிளெக்ஸ் குறைந்தது. 2017-18-லிருந்து ப்ளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு. இந்தப் பக்கத்துப் பள்ளிகள் நீட் கோச்சிங்குக்குத் திரும்பின. பாப்பாவோ, "எனக்கு டாக்டரும் வேண்டாம், ஹாஸ்டலும் வேண்டாம். அக்கவுண்டன்ஸி படிக்கணும்" என்று தெளிவாகச் சொல்லிவிட்டாள். அண்ணனைப் பார்த்து வளர்ந்தவள்.

அண்ணன் படித்த பள்ளியில் காமர்ஸ் குரூப்பே கிடையாது. ஈரோட்டில் நான் விசாரித்த நாலு பள்ளியிலும் இருந்தது, அதுவும் நல்ல மரியாதையோடு. மஞ்சள் மண்டி, திங்கள் ராத்திரி தொடங்கி செவ்வாய் வரை நடக்கிற ஜவுளிச் சந்தை என்று கணக்கிலேயே உயிர் வாழ்கிற ஊர் அது. பையனை ஆடிட்டராக்க ஆசைப்படுகிற அப்பாக்கள் அங்கே நிறைய. பள்ளியும் அதற்குத் தகுந்த மாதிரி இருக்கிறது.

பாப்பாவின் ப்ளஸ் ஒன் கணக்கு: பள்ளிக் கட்டணம் 48,000. வேன் 13,000. புத்தகம், நோட்டு 6,500. யூனிஃபார்ம் 4,200. அக்கவுண்டன்ஸி டியூஷன் மாதம் 800 வீதம் பத்து மாதத்துக்கு 8,000. மொத்தம் 79,700. அண்ணனுக்கு ஆனதில் பாதிதான், அதுவும் எட்டு வருஷம் கழித்து. எல்லாவற்றுக்கும் அச்சடித்த ரசீது. முதல் நாள் எனக்கு அவ்வளவு நிம்மதி.

அப்புறம்தான் சில்லறை ஆரம்பித்தது. ஆண்டு விழா டான்ஸ் உடை 1,800. புராஜெக்ட் பிரின்ட் அவுட், விளையாட்டு விழாவுக்குத் தனி டி-ஷர்ட், ஆசிரியர் தினத்துக்கு வகுப்பு முழுக்கச் சேர்ந்து வாங்குகிற பரிசு, கூடப் படிக்கிற பிள்ளை பிறந்த நாளுக்கு ஓட்டல் செலவு. அந்த வருஷம் சில்லறைப் பக்கத்தில் மட்டும் 11,000 எழுதியிருக்கிறேன். எதையும் பள்ளி கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் கொண்டுபோகாத ஒரே பிள்ளையாக நம் பிள்ளை நிற்க வேண்டுமா?

இன்னொரு செலவு நோட்டில் ஏறவே இல்லை. பெற்றோர் கூட்டம் என்றால் அப்பா, அம்மா இரண்டு பேரும் வர வேண்டும். வேலை நாளில், காலை பத்தரை மணிக்கு. நான் போனால் தார் (ஊடை நூல்) சுற்ற ஆள் இல்லை, அவர் போனால் பாவு (நீள நூல்) அறுந்தால் பிணைக்க ஆள் இல்லை. இரண்டு வருஷத்தில் பதினேழு வேலை நாள் அந்தப் பள்ளிப் படியேறியிருக்கிறேன். வேன் பாலம் தாண்டி வராது. கருங்கல்பாளையம் வரைதான். காலையில் அவர் டி.வி.எஸ். எக்ஸ்.எல்.லில் கொண்டுபோய் விடுவார், சாயங்காலம் நான் போய் நிற்பேன். வாட்ஸப் குழுவில் ராத்திரி பத்து மணிக்கு ஒரு செய்தி வரும், நாளைக்கு என்ன கொண்டுவர வேண்டும் என்று. அதில் மற்ற அம்மாக்கள் இங்கிலீஷில் எழுதுவார்கள். நான் தமிழில் எழுதுவேன். முதல் கூட்டத்தில் ஒரு அம்மா, "பள்ளிபாளையமாங்க? அவ்வளவு தூரத்துல இருந்தா அனுப்பறீங்க?" என்று கேட்டார். அன்பாகத்தான் கேட்டார். மூன்று கிலோமீட்டர்.

தம்பி, நான் உனக்குச் சொல்ல நினைத்தது இதுதான். திருச்செங்கோட்டுப் பக்கம் பணத்தைக் கட்டி, பிள்ளையையும் கையில் கொடுத்துவிட்டு வந்தோம். அவன் என்ன தின்றான், யாரோடு சண்டை போட்டான், எந்தப் பாடத்தைத் தாண்டிவிட்டார்கள் என்று எனக்கு எதுவும் தெரியாது. எங்கள் தறி ஒரு நாளும் நிற்கவில்லை. ஈரோட்டில் பிள்ளை நம் கையிலேயே இருந்தாள், ஆனால் எங்கள் நேரத்தையும் சேர்த்துக் கேட்டார்கள். ராத்திரி தறிச் சத்தம் நின்ற பிறகு பாப்பா பேரேடு போட, நான் பக்கத்தில் உட்கார்ந்து பற்று வரவு சரிபார்த்த இரண்டு வருஷம் எனக்கு எந்தப் பணத்துக்கும் கிடைக்காது. அதே சமயம், வாத்தியார் வேலையோ கூலி வேலையோ இரண்டு பேரும் ஓடுகிற வீட்டில், அந்த நேரத்தை எங்கே போய் எடுப்பது? விடுதிக்கு அனுப்புகிற எல்லாரும் பாசம் இல்லாதவர்கள் என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். எங்கள் அமுச்சி, அதாவது அம்மாவின் அம்மா, இருந்திருந்தால் பெரியவனை அனுப்பியிருக்க மாட்டோம். பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல்தான் அனுப்பினோம்.

எங்கள் எதிர்வீட்டுப் பெண் ஆறிலிருந்து ப்ளஸ் டூ வரை இங்கேயே அரசுப் பள்ளியில் படித்தாள். கட்டணம் இல்லை, சைக்கிளும் கொடுத்தார்கள். இப்போது கல்லூரியில் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்கில் விழுகிறது. மருத்துவத்தில் 7.5 சதவீத இட ஒதுக்கீடும் 2020-லிருந்து, ஆறிலிருந்தே அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்கு இருக்கிறது. உன் பையனுக்கு அந்த வழி ஆறாம் வகுப்பிலேயே அடைந்துவிட்டது. உன் சின்னவளுக்கு இன்னும் நேரம் இருக்கிறது, வீட்டில் பேசிப் பார்.

கடைசியாக ஒன்று, இதுதான் எனக்கு இப்போது பெரிய கவலை. 2025-26-லிருந்து ப்ளஸ் ஒன் பொதுத்தேர்வை எடுத்துவிட்டார்கள். பிள்ளைகளுக்குச் சுமை குறையும் என்பது சரிதான். ஆனால் தேர்வு இல்லை என்றால் மறுபடி ஆகஸ்டிலேயே ப்ளஸ் டூ புத்தகத்தைக் கையில் கொடுப்பார்களோ என்று பயமாக இருக்கிறது. அதனால் எந்தப் பள்ளிக்குப் போனாலும் கட்டிடத்தைப் பார்க்காதே, ரிசல்ட் போர்டைப் பார்க்காதே. இப்போது ப்ளஸ் ஒன் படிக்கிற ஒரு பிள்ளையின் கணக்கு நோட்டைக் கேட்டு வாங்கிப் பார். எந்தப் பாடம் ஓடுகிறது என்று அதில் தெரிந்துவிடும். கட்டுகிற ஒவ்வொரு ரூபாய்க்கும் பெயர் அச்சடித்த ரசீது கேள். கேட்க உனக்குச் சங்கடமாக இருந்தால் நான் வருகிறேன்.

வருகிற ஞாயிறு திருச்செங்கோடு போகலாம் என்று தம்பி சொல்லியிருக்கிறான். ஒன்பது மணிக்குப் பள்ளிபாளையம் பஸ் ஸ்டாப்பில் நிற்கச் சொன்னேன், பையனையும் கூட்டிக்கொண்டு. அந்த அரைத் தாளை எடுத்துப் பையில் வைத்திருக்கிறேன்.