படலைத் தூணில் ஒரு பெயர்

மே 4, 2024

படலை வேலை இன்று முடிந்தது. பதினோரு வருடமாகத் தகரமும் முள்ளுக்கம்பியுமாக நின்ற இடத்தில் இப்போது இரண்டு சீமெந்துத் தூண், நடுவில் இரும்புக் கேற். வெல்டிங் தம்பி பூட்டைத் திறந்து பூட்டிக் காட்டிவிட்டு, "அக்கா, வீட்டின்ர பேர் எந்தத் தூணில வரும்? சொன்னால் அதுக்கு மேல லைற்றுக்கு ஒரு குழாய் விட்டுத் தரலாம்" என்று கேட்டான். எங்கள் வீட்டுக்குப் பெயர் இல்லை என்பது அப்போதுதான் எனக்கே உறைத்தது.

வன்னியில் முத்தையன்கட்டில் இருக்கிற இந்த வீடு 2013இல் இந்திய வீட்டுத்திட்டத்தில் கட்டியது. 550,000 ரூபாய், மொத்தமாக இல்லை, அத்திவாரம் முடிய ஒரு பங்கு, சுவர் எழும்ப ஒரு பங்கு, கூரைக்கு ஒரு பங்கு என்று கட்டம் கட்டமாக வங்கியில் விழும். மிச்சத்துக்கு என் காப்பு இரண்டும் போனது. அதற்கு முன் தறப்பாள் கொட்டில், அதற்கும் முன் செட்டிகுளத்தில், போரில் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த மெனிக் பாம் முகாம். யோசித்துப் பார்த்தால் இத்தனை காலமும் எங்களோடு வந்தது எண்கள்தான். காணி அனுமதிப்பத்திரத்தில் துண்டு இலக்கம், முகாமில் கூடார இலக்கம், வீட்டுத்திட்டத்தில் பயனாளி இலக்கம். முகாமின் வலயங்களுக்கு ஆனந்த குமாரசுவாமி, இராமநாதன், அருணாசலம் என்றெல்லாம் பெரிய மனிதர்களின் பெயர் இருந்தது, உள்ளே இருந்த எங்களுக்கு இலக்கம். அம்மாவுக்கு அந்தக் கூடார இலக்கம் இன்னும் மனப்பாடம். நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வா.

தூணைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இந்த வீட்டுக்கு இனி ஒரு பெயர் வேண்டும். எண்ணோடு வாழ்ந்தது போதும்.

மே 6

மகளை ரியூசனுக்கு விட்டுவிட்டு ஒட்டுசுட்டான் பக்கம் ஸ்கூட்டியை மெதுவாக ஓட்டி, மற்ற வீடுகளின் பெயர்களைப் படித்துக்கொண்டு போனேன். வாசா என்று முடிகிற பெயர்கள் நாலைந்து, அது யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறிய ஆட்களோடு கூடவே வந்த பழக்கம். அன்னை இல்லம். சிவசக்தி. ஒரு வேதக்கார வீட்டில் யெகோவாயீரே. ஒரு மதிலில் ஒரு பெடியனின் பெயர் மட்டும், அதற்குப் பின்னால் இல்லமும் இல்லை அகமும் இல்லை. திரும்பி வராத பிள்ளையின் பெயர் அது, எனக்குத் தெரியும், அவன் எனக்கு இரண்டு வகுப்புக் கீழே படித்தவன். அந்த வீட்டுக்கு வேறு எந்தப் பெயரும் பொருந்தாது. யாராவது கடிதம் போட்டால், யாராவது வழி கேட்டால், அவன் பெயரை ஒரு தடவை சொல்லியே ஆக வேண்டும்.

இரவு சாப்பாட்டில் கேட்டேன். அம்மா அப்பாவின் பெயரை வைக்கச் சொன்னா. மகள் "கூடு" என்றாள். இவர், "நீர் வையும், நான் அதைச் சொல்லுறன்" என்று சோற்றைப் பிசைந்தார். பாரிசில் இருக்கிற தம்பிக்குக் குரல் பதிவு அனுப்பினேன், அவன் ஐந்து நிமிடத்தில் மூன்று பெயர் அனுப்பிவிட்டான், மூன்றும் சாத்திரியாரிடம் எழுத்துக் கேட்டு எடுத்தவையாம். கல்லில் வெட்ட எவ்வளவு என்றாலும் காசு தான் அனுப்புவதாகவும் சொன்னான். நல்ல பெயர்கள்தான். ஆனால் எந்த ஊரில் எந்த வீட்டில் மாட்டினாலும் சரியாக இருக்கும், அதுதான் எனக்கு மனம் ஒட்டவில்லை.

மே 11

இன்று முழுக்க அப்பம்மாவின் காணி உறுதியின் நினைப்பிலேயே இருந்தேன். யாழ்ப்பாணத்தில் அப்பம்மாவுக்கு இரண்டு பரப்புக் காணி இருந்தது. பதினாறு பரப்பு ஒரு ஏக்கர், ஆக அது எங்கள் இப்போதைய முற்றத்தைவிடக் கொஞ்சம்தான் பெரிது. ஆனால் அந்தச் சின்னத் துண்டுக்கு உறுதியில் ஒரு பெயர் இருந்தது, வேம்படிவளவு என்று. அங்கே காணிகளுக்கெல்லாம் அப்படிப் பெயர் உண்டு, ஒல்லாந்தர் காலத்துத் தோம்பு என்ற காணிப் பதிவேட்டிலேயே காணிகளைப் பெயரோடு பதிந்து வைத்திருக்கிறார்கள். ஆள் மாறும், வேலி மாறும், காணியின் பெயர் உறுதிக்கு உறுதி அப்படியே வரும்.

இங்கே அப்படி இல்லை. அப்பா மிளகாய் செய்ய முத்தையன்கட்டுக்கு வந்தது 1972இல். சிறிமாவோ அரசாங்கம் மிளகாய், வெங்காய இறக்குமதியைக் கட்டுப்படுத்திய காலம், யாழ்ப்பாணத்துப் பெடியள் எத்தனையோ பேர் காட்டு வெட்டுக் கத்தியோடு வன்னிக்கு வந்தார்கள். 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் கொடுக்கிற அனுமதிப்பத்திரம்தான் எங்களுக்கு இன்றைக்கும். நினைத்தபடி விற்க ஏலாது, பின்னுரித்தாளரைப் பதிய வேண்டும், எல்லாம் அதில் இருக்கிறது. காணிக்கு ஒரு பெயர் மட்டும் அதில் இல்லை. காடாக இருந்த இடத்துக்கு யார் பெயர் வைத்திருப்பார்கள் என்று நினைத்திருப்பார்கள் போல.

ஆனால் வன்னியில் பெயரில்லாத இடமே கிடையாது! இரண்டு மடு சேர்ந்திருந்தால் இரணைமடு. நிலத்துக்குள்ளிருந்து ஊற்றுக் கிளம்பினால் தண்ணீரூற்று. புளி நின்றால் புளியங்குளம், மா நின்றால் மாங்குளம். ஒட்டுசுட்டானையே எடுங்கள், குரக்கன் வெட்டிய பிறகு நின்ற ஒட்டைச் சுட்டபோது லிங்கம் வெளிப்பட்டது என்பதுதான் தான்தோன்றீஸ்வரர் கோயில் கதை, ஊர்ப்பெயரும் அதில் வந்ததுதான். ஒரு கமக்காரன் தன் சேனையில் செய்த அன்றாட வேலை ஊருக்குப் பெயராகி நிற்கிறது. கண்ணால் கண்டதை, கையால் செய்ததைப் பெயராக வைத்த சனம் இது. சாத்திரியாரின் எழுத்தை விட இதுதான் எனக்கு வழி காட்டுகிற மாதிரி இருக்கிறது.

மே 18

முள்ளிவாய்க்கால் நினைவு நாள். கஞ்சி காய்ச்சினோம். உப்பும் அரிசியும் தண்ணீரும் மட்டும். கேற்றை முழுக்கத் திறந்து வைத்துப் போகிறவர் வருகிறவருக்குச் சிரட்டையில் கொடுத்தோம். வேறு ஒன்றும் எழுத மனமில்லை.

மே 26

வற்றாப்பளைப் பொங்கல் முடிந்தும் அம்மாவின் கால் வீக்கம் குறையவில்லை. இந்த வயதில் இவ்வளவு தூரம் நிற்காதேங்கோ என்றால் கேட்கமாட்டா. ஆனால் அந்தப் பயணத்தில்தான் எனக்குப் பெயர் கிடைத்தது, அதை எழுத வேண்டும்.

மதுரையை எரித்த கண்ணகி இங்கே வந்து தங்கிய இடங்களில் பத்தாவது, பத்தாம் பளை, அது பத்தாப்பளையாகி வற்றாப்பளை ஆனது என்று அம்மா ஒவ்வொரு வருடமும் சொல்லுவா. இந்த முறையும் பஸ்ஸில் மகளுக்குச் சொல்லிக்கொண்டு வந்தா. அடுத்த இருக்கையில் இருந்த ஒரு அம்மா, அம்மாவின் வயதுதான் இருக்கும், "நீங்கள் எவடம்?" என்று கேட்டா. அம்மா யோசிக்கவே இல்லை. "விளாத்தியடி." அந்த அம்மாவும் உடனே, "ஓ, மிளகாய்த்தோட்டக்காரர் வீடு" என்றா. கொஞ்ச நேரத்தில் நடத்துநர்ப் பெடியன் கத்தினான், "விளாத்தியடி இறங்கிறாக்கள் முன்னுக்கு வாங்கோ!"

அவனுக்கு இருபது வயது இருக்கலாம். அந்த மரத்தை அவன் கண்டிருக்கவே முடியாது.

அப்பா காடு வெட்டும்போது வெட்டாமல் விட்ட மரம் அது. வேலைக்கு வந்தவர்கள் அதன் கீழேதான் சாப்பிட்டார்களாம், அதனால் விட்டாராம். விளாம்பழத்துக்கு யானை வரும் என்று அம்மா பயந்து, வெட்டுங்கோ வெட்டுங்கோ என்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறா. சில இரவுகளில் வந்தும் இருக்கிறது. காலையில் மரத்தடியில் யானைப் பிண்டமும் மிதிபட்ட கோதுகளும் கிடந்ததை நானே கண்டிருக்கிறேன். நாங்கள் அந்தக் கோதுகளைப் பொறுக்கி வந்து சோறு காய்ச்சி விளையாடுவோம், உள்பக்கம் வழுவழுவென்று இருக்கும், கழுவக் கழுவப் புளிப்பு மணம் போகாது.

2008 மார்கழியில் வெளிக்கிட்டோம். 2011இல் திரும்பி வந்தபோது மரம் இடுப்பு உயரத்தில் முறிந்து கருகி நின்றது. கிணற்றுக்குள் தகரம், வளவு முழுக்கப் பற்றை, எது எங்கள் எல்லை என்றே தெரியவில்லை. அந்தக் கட்டையை வைத்துத்தான் இவர் வீட்டுக்கு நிலையம் அளந்தார். பிறகு கறையான் அரித்து அதுவும் போய்விட்டது. மரம் போய்ப் பத்து வருடத்துக்கு மேல், சனம் இன்னும் விளாத்தியடி என்றுதான் இறங்குகிறது. பெயர் தேடி நான் எங்கெல்லாமோ அலைந்திருக்கிறேன், அது படலைக்கு வெளியே ஒவ்வொரு பஸ்ஸிலும் வந்து போய்க்கொண்டிருந்திருக்கிறது.

மே 28

அம்மாவுக்கு விருப்பமில்லை. "முறிஞ்ச மரத்தின்ர பேரை ஆரும் வாழுற வீட்டுக்கு வைப்பினமே பிள்ளை?" என்று கேட்டா. அப்பாவின் பெயரை விடுகிற துக்கமும் அதில் இருந்தது, அது எனக்குப் புரியாமல் இல்லை.

தம்பிக்கும் முதலில் பிடிக்கவில்லை. "அது வீட்டுப் பேர் இல்லை அக்கா, பஸ் நிற்கிற இடம்" என்றான். சரி, நானும் விட்டுவிட்டேன். ஆனால் நடு இரவில் போன் அடித்தது, அவன்தான். 1998இல் அங்கே அகதி விண்ணப்பம் எழுதியபோது சொந்த முகவரி என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல் இருந்தானாம். வீட்டு இலக்கம் கேட்டார்களாம், தெருப் பெயர் கேட்டார்களாம், இரண்டும் இல்லை. கடைசியில் மொழிபெயர்க்க வந்தவரிடம், "விளாத்தியடி, முத்தையன்கட்டு" என்று சொல்லி எழுதுவித்தானாம். "என்ர கோப்பில இண்டைக்கும் அதுதான் அக்கா கிடக்கு" என்றான். பிறகு இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. காசு நாளைக்கே போடுகிறேன் என்று சொல்லி வைத்தான்.

ஜூன் 2

பக்கத்து வளவு ஆச்சி பாலைப்பழம் கொண்டுவந்தா, பேரப்பிள்ளைகள் காட்டுக்குப் போய்ப் பிடுங்கியதாம். எல்லோரும் முற்றத்தில் இருந்து சாப்பிட்டோம், பால் பட்டு உதடெல்லாம் பிசின் மாதிரி ஒட்டிக்கொண்டது. பேச்சு பெயரில் வந்து நின்றது. அம்மா தன் வழக்கைச் சொன்னா. ஆச்சி ஒரு பழத்தை வாயில் போட்டு விதையைத் துப்பிவிட்டு, "விளாம்பழம் பிள்ளையாருக்குப் படைக்கிற பழமடி. அதின்ர பேருக்கு என்ன குறை? உன்ர மனுசன் வெட்டாமல் விட்ட மரம்தானே, அவரின்ர பேரும் அதுக்குள்ளதான் கிடக்கு" என்றா.

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. இரவு விளக்கு வைக்கும்போது, "எழுத்துப் பெரிசாய் இருக்கட்டும்" என்றா.

ஜூன் 10

கருங்கல் பலகை வந்தது. வழவழவென்று கறுப்புக் கல், பொன் நிற எழுத்து, நல்ல வேலைதான். ஆனால் விலாத்தியடி என்று வெட்டியிருக்கிறார்கள். நான் எழுதிக் கொடுத்த துண்டில் ளா தெளிவாக இருந்தது, போனில் படமாகவும் இருக்கிறது. கடைக்காரரிடம் காட்டினேன். "ரெண்டும் ஒண்டுதானே, ஆர் பாக்கப் போகினம்" என்றார். திரும்ப வெட்டுவதென்றால் கல்லுக்குத் திரும்பக் காசாம்.

ஒன்று இல்லை. நாக்கு மடிந்து மேலே தொடுகிற எழுத்து அது, அதை எடுத்துவிட்டால் என் ஊரில் யாரும் அந்தச் சொல்லைச் சொல்வதில்லை. பதினைந்து வருடமாக எத்தனை படிவங்களில் எங்கள் பெயர்களைப் பிழையாக எழுதினார்கள், ஒவ்வொன்றையும் திருத்தச் சத்தியக்கடதாசி முடித்து, கந்தோர் கந்தோராக ஏறி இறங்கினோம். என் சொந்தத் தூணில் ஒரு பிழையை நானே காசு கொடுத்து ஒட்டமாட்டேன். கல்லை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன். வரும் வழியெல்லாம் கை நடுங்கியது.

ஜூன் 16

மேசன் அண்ணை காலை ஏழு மணிக்கே வந்துவிட்டார். சீமெந்திலேயே எழுத்து எழுப்பித் தருகிறேன் என்று அவராகத்தான் சொன்னார். முன்பெல்லாம் கோயில் மதிலுக்கும் வாசிகசாலைக்கும் அப்படித்தானாம்.

தூணின் முகத்தைக் கொத்தி, தண்ணீர் அடித்து, மெல்லிய பூச்சுப் போட்டார். அது பாதி இறுகும் மட்டும் காத்திருந்தார், விரல் வைத்தால் அடையாளம் விழ வேண்டும், சாந்து விரலில் ஒட்டக்கூடாது. மகள் கடுதாசியில் எழுதி வெட்டிய எழுத்துகளை அதன்மேல் வைத்து ஆணியால் சுற்றிக் கீறினார். பிறகு எழுத்து எழுத்தாக அரித்த மணலில் குழைத்த சாந்தைச் சின்னக் கரண்டியால் வைத்து, ஓரங்களைப் பழைய சவரத் தகட்டால் சீவி, ஈரத் தூரிகையால் தடவினார். வி ஒழுங்காக வந்தது. ளாவின் வளைவு இரண்டு முறை சரிந்தது. சோளகக் காற்று வேறு, பூச்சை முன்கூட்டியே காய வைத்துக்கொண்டிருந்தது. மூன்றாம் முறை அவர் கரண்டியை வைத்துவிட்டுப் பெருவிரலாலேயே அந்த வளைவை இழுத்தார், நின்றுவிட்டது. கிட்டப் போய்ப் பார்த்தால் விரல் ரேகை தெரிகிறது. மினுக்கவா என்று கேட்டார், வேண்டாம் என்றேன்.

அம்மா கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்து தூணுக்கு முன்னால் இருந்துவிட்டா. மூன்று மணி பஸ் வந்தது. யாரும் இறங்கவில்லை, ஆனால் நடத்துநர் வழக்கம்போலக் கத்தினான், அம்மா எழுத்தைப் பார்த்து ஒருமுறை மெல்லச் சொல்லிப் பார்த்தா.

வெடிக்காமல் இருக்க ஏழு நாள் நனைக்கச் சொல்லியிருக்கிறார். ஈரச்சாக்குச் சுற்றி விட்டிருக்கிறது. ஆறு மணிக்கு ஒருக்கால் ஊற்றினேன், படுக்க முன்னம் இன்னொருக்கால் ஊற்ற வேண்டும்.