டைவர்சிட்டி சென்டர்னா வேற யாருக்கோன்னு தாண்டிப் போயிடாதீங்க

அமெரிக்காவுக்கு மாஸ்டர்ஸ் படிக்க வர்ற நம்ம பசங்க கிளம்பறதுக்கு முன்னாடி கேக்கறதெல்லாம் ஐ-20 (விசாவுக்காக யுனிவர்சிட்டி கொடுக்கற பேப்பர்), பேங்க் அக்கவுண்ட், வீடு, ரூம்மேட், கேம்பஸ்ல வேலை கிடைக்குமா, இதுதான். கேக்க வேண்டியதுதான். ஆனா ஸ்டூடன்ட் யூனியன் பில்டிங்ல ஏதோ ஒரு மூலையில மல்டிகல்ச்சுரல் சென்டர்னோ டைவர்சிட்டி அண்ட் இன்குளூஷன்னோ போர்டு போட்டு, எந்தப் பின்னணிலேர்ந்து வந்த மாணவரும் ஒதுங்கிப் போயிடாம இருக்கறதுக்குன்னு ஒரு இடம் இருக்குமே, அதைப் பத்தி ஒருத்தர்கூட கேக்கறதில்ல. அது கறுப்பின மாணவர்களுக்கு, லத்தீனோ மாணவர்களுக்கு, எல்ஜிபிடி மாணவர்களுக்குன்னு நினைச்சு அப்படியே தாண்டிப் போயிடறாங்க. நமக்கும் சேர்த்துதாங்க அது. நான் இந்த நாட்டுல காலூன்றினதுல அந்த இடத்துக்குப் பெரிய பங்கு இருக்கு, அதான் கொஞ்சம் விலாவாரியா எழுதறேன்.

பேர்லேர்ந்தே ஆரம்பிக்கறேன். நம்மள்ல நிறைய பேருக்கு குடும்பப் பேர்னு ஒண்ணு கிடையாது, இனிஷியல்தான். பாஸ்போர்ட்ல கிவன் நேம் இடம் காலியா இருந்தா அமெரிக்க விசாவுல அங்க எஃப்.என்.யூன்னு அடிச்சிடுவாங்க, ஃபர்ஸ்ட் நேம் அன்நோன். அது அப்படியே யுனிவர்சிட்டி ரெக்கார்டுக்கும் போயி, கிளாஸ் லிஸ்ட், ஈமெயில், ஐடி கார்டுன்னு எல்லா இடத்துலயும் ஒட்டிக்கும். அப்பா பேரை சர்நேமா போட்டவங்களுக்கு இன்னொரு கஷ்டம், ப்ரொஃபசர் கிளாஸ்ல அப்பா பேரைச் சொல்லித்தான் கூப்பிடுவார். என்கூடப் படிச்ச ஒரு பொண்ணு செமஸ்டர் முழுக்க அட்டெண்டன்ஸ்ல எஃப்.என்.யூவாவே இருந்தா, ஒருநாள் சென்டர்ல சும்மா உக்காந்து பேசிட்டிருக்கும்போது அங்க வேலை பாக்கற அம்மா கேட்டுட்டு நம்மளை எந்தப் பேர்ல கூப்பிடணும்னு சொல்ற ப்ரிஃபர்டு நேம் ஃபார்ம் ஒண்ணு இருக்கு, ரெஜிஸ்ட்ரார்கிட்ட கொடுத்தா போதும்னு அப்பவே எடுத்துக் கொடுத்தாங்க. ஐ-20ல சட்டப்பூர்வமான பேர்தான் இருக்கும், அது மாறாது, ஆனா கிளாஸ் லிஸ்ட்ல, ஐடி கார்டுல அவ பேர் வந்துடுச்சு. அப்புறம் தெரிஞ்சுது, பல கேம்பஸ்கள்ல இந்த வசதிக்காகப் போராடினவங்க திருநங்கை, திருநம்பி மாணவர்கள். அவங்க கேட்டு வாங்கினதுலதான் நம்ம பொண்ணு தன் பேரோட கிளாஸ்ல உக்காந்தா. இது என்னை ரொம்பவே யோசிக்க வெச்சுது.

ஏன்னா இந்த சென்டர்கள் எதுவும் யுனிவர்சிட்டி நிர்வாகம் தானா மனசு வந்து கொடுத்தது இல்ல. சான் ஃபிரான்சிஸ்கோ ஸ்டேட்ல 1968 நவம்பர்ல கறுப்பின மாணவர் அமைப்பும், வெள்ளையர் அல்லாத மாணவர் அமைப்புகளோட கூட்டணியான தேர்டு வேர்ல்டு லிபரேஷன் ஃப்ரண்டும் சேர்ந்து ஸ்டிரைக் ஆரம்பிச்சாங்க, 1969 மார்ச் வரைக்கும் போச்சு, போலீஸ் கேம்பஸுக்குள்ள வந்து அடிச்சுது, நூத்துக்கணக்குல கைது. ஆசிய மாணவர்களும் அதுல இருந்தாங்க. அதுக்கப்புறம்தான் அங்க எத்னிக் ஸ்டடீஸுக்குன்னு, அதாவது இந்த இனங்களோட வரலாறையும் வாழ்க்கையையும் படிக்கறதுக்குன்னு, தனிக் கல்லூரி வந்துச்சு. மிச்சிகன் யுனிவர்சிட்டில 1971லயே எல்ஜிபிடி மாணவர்களுக்குன்னு ஆபீஸ் திறந்தாங்க. இனம், நிறம், பிறந்த நாடு இதையெல்லாம் வெச்சு ஒதுக்கக் கூடாதுன்னு சொல்ற 1964 சிவில் ரைட்ஸ் சட்டத்தோட டைட்டில் 6 நம்மையும் காப்பாத்துது, ஊனமுற்றவங்களுக்குப் பரீட்சையில கூடுதல் நேரம் கிடைக்கறதுக்கு 1973 ரீஹாபிலிடேஷன் சட்டத்தோட செக்ஷன் 504 இருக்கு. இதெல்லாம் தெரிஞ்சுக்கிட்டு உள்ள போனா அந்த ரூம் வேற மாதிரி தெரியும்.

இப்ப நாம கொண்டு வந்த ஒரு விஷயத்தையும் சொல்லணும். கடல் தாண்டி வந்து ஒரே அபார்ட்மென்ட்ல நாலு பேர் தங்கும்போதும் ஊர் எது, ஊர்ல எந்தத் தெரு, அப்பா என்ன பண்றார்னு சுத்தி வளைச்சுக் கேட்டு சாதி தெரிஞ்சுக்கற ஆளுங்க இருக்காங்க, தெரிஞ்சப்புறம் பேச்சு மாறறதை நான் கண்ணால பாத்திருக்கேன். அம்பேத்கர் 1913ல கொலம்பியா யுனிவர்சிட்டிக்குப் படிக்க வந்தவர், நூறு வருஷம் தாண்டியும் இங்க இது நடக்குதுன்னா வயிறு எரியுது. பிராண்டைஸ் யுனிவர்சிட்டி 2019ல, கலிஃபோர்னியா ஸ்டேட் யுனிவர்சிட்டி அமைப்பு முழுசும் 2022ல, சாதிப் பாகுபாட்டையும் தங்களோட கொள்கையில வெளிப்படையா சேர்த்தாங்க. தலித் மாணவர்களும் அவங்களுக்குத் துணையா நின்னவங்களும் விடாம கேட்டதாலதான் வந்துச்சு. உங்க கேம்பஸ்ல அந்த வார்த்தை இல்லன்னாலும் சென்டர்ல போய்ச் சொல்லுங்க. அங்க இருக்கறவங்களுக்கு சாதின்னா என்னன்னு விளக்க வேண்டி வரலாம், விளக்குங்க, பரவாயில்ல.

போறதுக்கு முன்னாடி ஒண்ணு மட்டும் தெரிஞ்சுக்கங்க. அங்க நீங்க சொல்றது எல்லாமே ரகசியமா இருக்கும்னு கிடையாது. பாலியல் தொந்தரவு மாதிரி விஷயம்னா, காதுல விழுந்தவுடனே டைட்டில் 9 ஆபீஸுக்கு (பாலினப் பாகுபாடு, பாலியல் தொந்தரவு புகார்களைப் பாக்கற ஆபீஸ்) தெரிவிக்கணும்ங்கற பொறுப்பு யுனிவர்சிட்டி ஊழியர்கள் நிறைய பேருக்கு உண்டு. அதனால பேச ஆரம்பிக்கறப்பவே நீங்க ரிப்போர்ட் பண்ண வேண்டியவரான்னு நேராவே கேட்டுடுங்க, தப்பா எடுத்துக்க மாட்டாங்க. முழு ரகசியம் வேணும்னா கவுன்சலிங் சென்டர். விசா, சிபிடி, ஓபிடி (படிப்போட சேர்ந்த வேலை அனுமதிகள்) எல்லாம் இன்டர்நேஷனல் ஆபீஸ்தான், சென்டர்ல கேட்டு நேரத்தை வீணாக்காதீங்க. ட்ரையோ மாதிரி (வசதி குறைஞ்ச மாணவர்களுக்கு உதவற திட்டம்) மத்திய அரசுப் பணத்துல நடக்கற திட்டங்கள் எஃப்-1ங்கற மாணவர் விசாவுக்குக் கிடையாது, ஆனா மென்டரிங், சீனியர்களோட பழக்கம், சும்மா வந்து உக்கார ஒரு சோஃபா, இதுக்கெல்லாம் பெரும்பாலும் விசா கேக்க மாட்டாங்க. சில இடத்துல ஸ்டூடன்ட் வேலையும் கிடைக்கும், செமஸ்டர் நடக்கும்போது வாரத்துக்கு 20 மணி நேரம் வரைக்கும்ங்கற அதே கேம்பஸ் வேலை விதிதான்.

ஆனா இப்ப நிலைமை மாறிட்டு வருது, அதுதான் எனக்குக் கவலை. டெக்சாஸ்ல எஸ்.பி. 17னு ஒரு சட்டம், 2024 ஜனவரி 1லேர்ந்து அமல், அரசுப் பல்கலைக்கழகங்கள்ல டைவர்சிட்டி ஆபீஸே இருக்கக் கூடாதுங்குது. அங்க ஆஸ்டின்ல இருக்கற டெக்சாஸ் யுனிவர்சிட்டில மல்டிகல்ச்சுரல் சென்டரை மூடிட்டாங்க. யூட்டா, அலபாமாலயும் அதே வருஷம் இந்த மாதிரி சட்டங்கள் வந்துச்சு. புதுசா வர்ற புள்ளைங்க வெப்சைட்ல தேடிட்டு எங்க கேம்பஸ்ல அப்படி ஒண்ணும் இல்லயேங்கறாங்க, அது அங்க இருந்துச்சு, எடுத்துட்டாங்கன்னு அவங்களுக்குத் தெரியவே இல்ல.

அப்படிப்பட்ட கேம்பஸ்ல இருக்கீங்கன்னா, ஸ்டூடன்ட் சக்சஸ், ஸ்டூடன்ட் என்கேஜ்மென்ட்னு வேற பேர்ல ஏதாவது இருக்கான்னு பாருங்க, பழைய வேலைல கொஞ்சமாவது அங்க போயிருக்கலாம். பேர் ஃபார்ம் இருக்கான்னு ரெஜிஸ்ட்ரார்கிட்ட நேரா கேளுங்க. 504 மத்திய அரசு சட்டம், அதை மாநிலம் எடுக்க முடியாது. டெக்சாஸ் சட்டம்கூட மாணவர் அமைப்புகளுக்கு விலக்கு கொடுத்திருக்கு, அதனால தமிழ் மாணவர் சங்கம்னு ஒண்ணு பதிவு பண்ணி வெச்சிருந்தா, புதுசா வர்றவங்களுக்கு இதெல்லாம் சொல்லிக் கொடுக்கற வேலைய இந்த செமஸ்டர்லயே ஆரம்பிங்க.