திருவொற்றியூரில் ஒரு ஷெட் கட்டிய அனுபவம்

எங்கள் வீட்டுக்குப் பின்புறம் இருந்த ஆஸ்பெஸ்டாஸ் கூரை, 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயலில் பறந்துபோனது. அதன்பின் தார்ப்பாயைப் போட்டே காலம் தள்ளினோம். தச்சுக் கருவிகளையும் ஸ்கூட்டரையும் வைப்பதற்கு ஷெட் ஒன்று கட்டியே தீர வேண்டும் என்று முடிவானபோது, டொராண்டோவில் வசிக்கும் மைத்துனர், தம் தோட்டத்தில் கட்டிய ஷெட்டின் வரைபடத்தை அனுப்பிவைத்தார்.

படம் நேர்த்தியாகவே இருந்தது. பனி தேங்காமல் சரிந்து விழச் செங்குத்தான கூரை, தேங்கினாலும் பாரத்தைத் தாங்க நெருக்கமான சட்டங்கள், மண்ணிலுள்ள ஈரம் உறைந்து அடித்தளத்தைத் தூக்கிவிடாதிருக்க 1.2 மீட்டர் ஆழக் குழி என எல்லாவற்றுக்கும் அங்கே காரணம் உண்டு. ஆனால் கடலை ஒட்டிய எங்கள் தெருவில் கூரையை அழுத்த எதுவும் வருவதில்லை. காற்று அதை மேலே பிய்த்தெடுக்கத்தான் பார்க்கும்.

கட்டடங்கள் தாங்க வேண்டிய பாரங்களுக்கான இந்தியத் தரக்குறிப்பு ஐ.எஸ். 875. அதன் மூன்றாம் பகுதி, சென்னைக்கு அடிப்படைக் காற்று வேகமாக விநாடிக்கு 50 மீட்டரை, அதாவது மணிக்கு 180 கிலோமீட்டரைக் கொடுக்கிறது. அந்த 50-இன் வர்க்கத்தை 0.6 ஆல் பெருக்கினால் சதுர மீட்டருக்கு 1,500 நியூட்டன், ஏறக்குறைய 150 கிலோ எடைக்குச் சமமான அழுத்தம் வருகிறது. 0.5 மி.மீ. தகர ஷீட்டோ சதுர மீட்டருக்கு 5 கிலோ அளவில்தான் இருக்கும். ஆகவே ஒவ்வொரு தூணுக்கும் இரண்டடிச் சதுரத்தில், இரண்டரை அடி ஆழத்தில் கான்கிரீட் போட்டு, தூணைப் பிடித்துக்கொள்ளும் ஆங்கர் போல்ட்டைப் புதைத்தோம். மைத்துனரின் குழி உறைபனிக்காக, எங்களுடையது கனத்துக்காக.

வெல்டருடன் வாக்குவாதம் வந்தது ஸ்குரூ விஷயத்தில்தான். "நடுவுல போட்ட மாதிரியே ஓரத்துலயும் போட்டா போதும் சார்" என்றார். காற்று முதலில் பிய்ப்பது ஓரங்களையும் மூலைகளையும்தான் என்பதால், அங்கே இடைவெளியைப் பாதியாகக் குறைக்கச் சொன்னேன். சில நூறு ரூபாய்க்காக இதில் கஞ்சத்தனம் பார்ப்பது வீண். ஸ்குரூவின் ரப்பர் வாஷர் விளிம்பில் சற்றே பிதுங்கினால் போதும், அதற்கு மேல் முறுக்கினால் ரப்பர் கிழிந்து மழைநீர் இறங்கும்.

எங்கள் பக்கத்து உப்புக்காற்றுக்கு இரும்பு என்றால் தனிப் பிரியம். ஜி.ஐ. பைப்பில் வெல்டிங் வைத்த இடங்களில் துத்தநாகப் பூச்சு எரிந்துபோவதால், அவற்றைத் தேய்த்துச் சுத்தம் செய்து துத்தநாகப் பிரைமர் அடித்தோம். துளையிடும்போது உதிர்ந்த இரும்புத் துகள்களை அன்று மாலையே துடைப்பத்தால் கூட்டித் தள்ளினோம். விட்டுவைத்தால் புது ஷீட்டில் துருப் புள்ளிகள் விழுந்துவிடும்.

கதவுக்கு மேலும் கீழும் தாழ்ப்பாள் வைத்திருக்கிறோம். புயலில் கதவு திறந்துகொண்டால், உள்ளே புகும் காற்று கூரையைக் கீழிருந்தும் தள்ளத் தொடங்கும்.